பொன்னாடை மாறிப்போன பெண்கள் தினம்

எனக்கு அருவருப்பு லேசில வாறேல்லை. வயோதிபர் இல்லத்தில வேலை செய்யிற ஆளுக்கு அது வந்தால் சரிவராது. டென்மார்க்கில, கோல்டிங் நகரத்தில இத்தினை வருசமா ஆக்களைக் கழுவித் துடைச்சு, சத்தி எடுத்ததை அள்ளி, கையைக் கழுவிப்போட்டு அப்பிடியே இடைவேளைக்குப் பாணும் சீஸும் சாப்பிட்ட ஆள் நான். ஆனால் போன பெண்கள் தினத்துக்குப் பிறகு ஒரு கிழமையா எனக்குச் சோறு இறங்கேல்லை. வாயில வைக்க ஓங்காளிச்சுது. வெள்ளைக்காரரால வந்த அருவருப்பெண்டால் இருந்து எழுதியிருக்க மாட்டன், அது பழகிப்போச்சு. இது எங்கட ஆக்களால வந்தது. பட்டுச்சீலை உடுத்து, தலையில பூ வைச்சு, "வாங்கோ வாங்கோ" எண்டு சிரிச்சுக்கொண்டு வந்தது.

முதல்ல என்ர சிநேகிதியைச் சொல்லவேணும். அவா கென்யாவில பிறந்து, லண்டனில வளர்ந்து, ஒரு டெனிஷ்காரனைக் கலியாணம் முடிச்சு இஞ்ச வந்தவா. நல்ல உயரம். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பா. நரைச்ச தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பா. நானும் அவாவும் ஒரே இல்லத்தில, ஒரே பகுதியில வேலை. பென்ஷனுக்குக் கிட்ட வந்திட்டா. முழங்கால் நோகுதெண்டு புறுபுறுத்துக்கொண்டே என்னைவிடக் கெதியா நடப்பா.

நாங்கள் சிநேகிதமான கதை நல்ல பம்பல். அவா வேலைக்கு வந்த புதுசு. எங்கட பகுதியில ஒரு கிழட்டு மனிசி, முந்திப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது. ஒருநாள் காலமை அதைக் குளிக்க வார்க்க ரண்டுபேரும் போனம். மனிசி போர்வையை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, "கறுப்பி என்னைத் தொடக்கூடாது" எண்டு சொல்லிச்சுது. எனக்கு அவாவை நினைக்கப் பாவமாப் போச்சு. "நீங்கள் நில்லுங்கோ, நான் பாக்கிறன்" எண்டு கண்ணைக் காட்டிப்போட்டு, சவுக்காரத் துணியோட முன்னுக்குப் போனன். மனிசி பட்டெண்டு என்ர கையைத் தட்டிவிட்டுது. "உன்னைத்தான் சொல்லுறன், காது கேக்காதோ?" எண்டு கேட்டுது.

என்ர சிநேகிதி நடைபாதைக்குப் போய், சுவரைப் பிடிச்சுக்கொண்டு கண்ணால தண்ணி வரச் சிரிச்சா. நான் விறைச்சுப்போய் நிண்டன். பிறகு கோப்பி குடிக்கேக்க என்ர தோளில கையைப் போட்டு, "வா சகோதரி, உன்னையும் சேர்த்திட்டினம்" எண்டா. அண்டையில இருந்து எங்களைப் பிரிக்க ஏலாது.

அந்த இல்லத்தில என்னை விட்டால் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் வேலை செய்யிறா. என்னைவிட அரையடி உயரம், என்னைவிடப் பதினைஞ்சு வயசு குறைவு. எங்கட மேலதிகாரி என்னை அவான்ர பேரிலயும் அவாவை என்ர பேரிலயும்தான் இண்டைக்கும் கூப்பிடுறா. இதை எங்கட ஆக்களிட்டச் சொன்னால் எல்லாருக்கும் ஒவ்வொரு கதை இருக்கு. தொழிற்சாலையில, ஒஃபிஸில, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில. "எங்களை மனிசரா வடிவாப் பாத்திருந்தால் உப்பிடி மாத்திக் கூப்பிடுவாங்களோ?" எண்டு மூக்கைச் சிந்தாத கொண்டாட்டம் இல்லை. இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

என்ர சிநேகிதி ஒரு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தவா. வயோதிபர் இல்லம், ஆஸ்பத்திரித் துப்புரவு, இறைச்சித் தொழிற்சாலை, இப்பிடி இடங்களில வேலை செய்யிற ஆபிரிக்கப் பெண்கள். தங்களைக் கறுப்புப் பெண்கள் கூட்டம் எண்டுதான் சொல்லுவினம், அதில ஒளிப்பு மறைப்பு இல்லை. மேலதிகாரியோட எப்பிடிக் கதைக்கிறது, வேலை ஒப்பந்தத்தில என்ன இருக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணினால் என்ன செய்யிறது, எல்லாம் கதைப்பினம். கடைசியில கொஞ்சம் சரித்திரம் படிப்பினம். உலகத்தில கறுப்புப் பெண்கள் எங்கெங்க சங்கம் வைச்சவை, ஆரோட சண்டை பிடிச்சவை எண்டு அவா சொல்லித் தருவா.

அவைக்கு இல்லாதது ஒரு அறை. ஒரு தேவாலயத்தின்ர நிலவறையில இருந்து பாத்தினம், திருத்த வேலை எண்டு வெளியில விட்டினம். ஒரு டெனிஷ் பெண்கள் கழகம், "ஏன் தனியா இருக்கிறியள், எங்களோட வாங்கோ" எண்டுது. போனால் மேளம் அடிக்கத் தெரியுமோ, உங்கட நாட்டுச் சாப்பாடு கொண்டு வருவியளோ எண்டு கேட்டினமாம். ஒருத்தியிட்ட, சின்னனில உனக்குப் பெண்ணுறுப்பை வெட்டினவையோ எண்டும் கேட்டினமாம், கேக் சாப்பிட்டுக்கொண்டு. அதோட வெளியில வந்திட்டினம். "நான் பென்ஷன் எடுக்க முன்னம் இவையளை ஒரு இடத்தில இருத்திப்போட்டுப் போகவேணும். இடம் இல்லாட்டி இந்தக் கூட்டம் கலைஞ்சிடும்" எண்டு என்னட்டச் சொன்னா.

எங்கட தமிழ்ப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு அறை இருக்கு. கலாசார மண்டபத்தில, யன்னல் வைச்ச நல்ல அறை, பக்கத்தில குசினி. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் மத்தியானம் முடிஞ்சால் பிறகு அது வெறுமனே கிடக்கும். திறப்பு என்ர கைப்பைக்குள்ளதான், நான் செயலாளர். எனக்கு விசயம் லேசாத் தெரிஞ்சுது. வெறும் அறை ஒண்டு இருக்கு, அறை இல்லாத ஆக்கள் இருக்கினம், கேட்டால் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

எங்கட தலைவி கெட்ட மனிசி இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பிழை. நான் கலியாணம் முடிச்சு மார்கழிக் குளிருக்குள்ள மெல்லிசுச் சட்டையோட வந்து இறங்கேக்க, தன்ர தடிச்ச கோட்டைக் கழட்டித் தந்தவா அவாதான். கொம்யூனில, அதுதான் நகரசபையில, ஒஃபிஸ் வேலை. நடை உடை எல்லாம் நறுக்கெண்டு இருக்கும். அவாவுக்கு ஒரேயொரு மகள், இஞ்ச பிறந்தவள், மருந்தாளர் படிப்பு முடிச்சிட்டாள். பிள்ளை நல்ல கறுப்பு. ஹொல்ஸ்டெப்ரோவில இருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து, கொழுக்கட்டையும் சாப்பிட்டுப்போட்டுப் போய், "பிள்ளை நல்ல பிள்ளை, நிறம்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு" எண்டு ரெலிபோன் எடுத்தவை. அண்டைக்குத் தலைவி என்ர குசினியில இருந்து தேம்பித் தேம்பி அழுதவா. மகள் அழேல்லை. தாய்க்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாள்.

அறையைப் பற்றி நான் கதைச்சவுடன தலைவி கொஞ்சம் யோசிச்சா. "அவாவை முதல்ல எங்கட பெண்கள் தின விழாவில பேசக் கூப்பிடுவம். எங்கட ஆக்கள் ஒருக்காப் பாக்கட்டும். பிறகு கமிட்டி இருந்து முடிவெடுப்பம்" எண்டா. பொம்பிளை பாக்கிற மாதிரி எண்டு எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்தது. சிநேகிதியிட்டச் சொன்னன். "ஓகோ, பரீட்சையோ?" எண்டு சிரிச்சா. "பரவாயில்லை, வாறன். அறை வேணுமே" எண்டா.

விழாவுக்கு முதல் கிழமை குத்துவிளக்குக்கு ஆக்களைப் பிரிச்சம். எங்கட விழாவில பேச்சைவிட விளக்குக்குத்தான் அடிபாடு. அஞ்சு திரி, அஞ்சு ஆள். நகரசபை உறுப்பினரா இருக்கிற ஒரு டெனிஷ் பெண்மணி, தலைவி, ஐயரம்மா, பள்ளிக்கூட அதிபர், பிறகு பேச்சாளர் எண்டு நான் சொன்னன். பொருளாளர் உதட்டைச் சுழிச்சா. "விளக்கெண்டது மங்களமான விசயம். அவாவை விளக்குக்கு விடாமல் பொன்னாடையைப் போத்துவம், அது பெரிய மரியாதைதானே" எண்டா. ஏன் விளக்கு வேண்டாம் எண்டு கேட்டன். "படத்தில வடிவா விழாது" எண்டா. சொன்ன மனிசி சாமி படத்துக்கு முன்னால, நெத்தி நிறைய விபூதியோட இருந்தவா. அந்த விபூதியை அழிச்சுவிட வேணும் போல இருந்தது எனக்கு.

விழா அண்டைக்கு சிநேகிதி நேரத்துக்கு முன்னமே வந்திட்டா. தன்னோட கூட்டத்தில இருந்து ஒரு இளம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தா. ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை செய்யிறவள், கட்டை, கொஞ்சம் உடம்பு, தலையில மஞ்சள் துணி கட்டியிருந்தாள். முப்பது வயசு வராது. ரண்டுபேரும் ரண்டாவது வரிசையில பக்கத்துப் பக்கத்தில இருந்தினம். முன்வரிசை ஐயரம்மாவுக்கும் ஆக்களுக்கும்.

தலைவியின்ர மகள்தான் டெனிஷில அறிவிப்பு. "இப்ப எங்கட சிறப்புப் பேச்சாளருக்குப் பொன்னாடை" எண்டாள். தலைவி சரிகைத் துணியை விரிச்சுக்கொண்டு மேடையில இருந்து இறங்கி வந்தா. வந்து, நேர போய், அந்த மஞ்சள் துணிப் பிள்ளைக்குப் போத்தினா. எல்லாரும் கைதட்டிச்சினம். படம் பிடிக்கிறவர் முன்னுக்கு ஓடி வந்தார். பிள்ளை ஒண்டும் விளங்காமல், "தாக், தாக்" எண்டு நன்றி சொல்லிக்கொண்டு எழும்பி நிண்டாள். பக்கத்தில என்ர சிநேகிதி, தன்ர பொன்னாடைக்குத் தானே கைதட்டிக்கொண்டு இருந்தா.

தலைவி என்ர வீட்டில ரண்டு தரம் என்ர சிநேகிதியோட ஒரே மேசையில இருந்து புட்டும் கறியும் சாப்பிட்டவா. முகம் பாத்துக் கதைச்சவா. ஒருத்திக்கு அறுபது தாண்டீட்டுது, உயரம், கண்ணாடி, நரை. மற்றவளுக்கு முப்பதில்லை, கட்டை. நான் கிட்டப் போய் காதுக்குள்ள, "அக்கா, ஆள் மாறிப்போச்சு" எண்டன். அவா சிரிப்பைக் குறைக்காமலே, "எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கினம். ஆருக்குப் போத்தினால் என்ன" எண்டா. சீ எண்டு போச்சு எனக்கு. எங்களை மாத்திக் கூப்பிடுறாங்கள் எண்டு மூக்குச் சிந்தின அதே வாய். ரண்டாவது பொன்னாடை இல்லை. நகரசபைப் பெண்மணிக்கு விளங்கீட்டுது, அவா குனிஞ்சு தன்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டிருந்தா.

சிநேகிதி மேடைக்குப் போய் டெனிஷில கதைச்சா, ஆறுதலா, எல்லாருக்கும் விளங்கிற மாதிரி. "நான் வீரக்கதை சொல்ல வரேல்லை. கூட்டம் வைச்ச கதை சொல்ல வந்தனான். கறுப்புப் பெண்களின்ர சரித்திரம் அரைவாசி அறை தேடின சரித்திரம்" எண்டுதான் தொடங்கினா. அமெரிக்காவில வாக்குரிமைக்கு ஊர்வலம் போன வெள்ளைப் பெண்கள், கறுப்புப் பெண்களை நீங்கள் பின்னுக்கு வாங்கோ எண்டு சொன்னவையாம். அதால அவை தங்கட சங்கத்தைத் தாங்களே வைச்சவையாம், குசினியளில, கோயில் நிலவறையளில. இந்த டென்மார்க்குக்கும் கரிபியன் கடலில தீவுகள் இருந்ததாம், கரும்புத் தோட்டத்துக்கு ஆபிரிக்க அடிமையள். அடிமை முறை முடிஞ்ச பிறகும் கூலி எண்ட பேரில அதே பாடு. பொறுக்கேலாமல் தோட்டங்களுக்கு நெருப்பு வைச்சு எழும்பின சனத்துக்கு முன்னுக்கு நிண்டது பெண்கள். அவையைப் பிடிச்சுக் கோபன்ஹேகன் பெண்கள் சிறையில கொண்டுவந்து அடைச்சவங்களாம். இத்தினை வருசம் இந்த நாட்டில இருக்கிறன், எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லித் தரேல்லை.

பின்வரிசையில றோல்ஸ் பலகாரப் பெட்டி திறந்தாச்சு. பிள்ளையள் ஓடுதுகள். பொருளாளர் பக்கத்து ஆளின்ர சங்கிலியைத் தூக்கிப் பாத்து எத்தினை பவுண் எண்டு கேக்கிறா. சிநேகிதி நிப்பாட்டேல்லை. கோபன்ஹேகனில நடந்த உலகப் பெண்கள் மாநாட்டைச் சொன்னா. வெள்ளைப் பெண்கள் ஆபிரிக்கப் பெண்களுக்குச் சின்னனில வெட்டுறதைப் பற்றி அவையைக் கேக்காமலே கதைக்க, அவை எழும்பி, எங்கட உடம்பைப் பற்றி நாங்கள் கதைப்பம், நீங்கள் தண்ணியைப் பற்றிக் கதையுங்கோ, கூலியைப் பற்றி, நிறவெறி ஆட்சியைப் பற்றிக் கதையுங்கோ எண்டு நிண்டவையாம்.

பிறகு லண்டன் கதை. அது அவா கண்ணால கண்டது, குரலே மாறிச்சுது. "நான் இளம் பிள்ளையா இருக்கேக்க, கலியாணம் முடிக்க வந்த ஒரு இந்தியப் பெண்ணை விமான நிலையத்தில வைச்சு, கன்னியோ எண்டு உடம்பைச் சோதிச்சவங்கள். அதுக்கு எதிரா அந்த விமான நிலையத்திலயே போய் நிண்டது நாங்கள். ஆபிரிக்கப் பெண்களும் ஆசியப் பெண்களும். சீலை உடுத்த பெண்கள் தொழிற்சாலை வாசலில குளிருக்குள்ள வேலைநிறுத்தம் செய்யேக்க, நானும் என்ர அக்காவும் ரீ கொண்டுபோய்க் குடுத்தனாங்கள்" எண்டா. மண்டபம் கொஞ்சம் அடங்கிச்சுது. அதில இருந்த முக்கால்வாசிப்பேரும் கலியாணம் முடிக்க விமான நிலையத்தால வந்த ஆக்கள்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அறை கிடைச்சிட்டுது எண்டே நினைச்சன்.

"அப்ப நாங்கள் எல்லாரும் எங்களுக்கு வைச்ச பேர் கறுப்புப் பெண்கள்" எண்டா அவா. "ஆபிரிக்காக்காரியும் அதுதான், இந்தியாக்காரியும் அதுதான். தோலின்ர நிறத்தை அளந்து வைச்ச பேர் இல்லை அது. ஒண்டா நிக்கிறதுக்கு வைச்ச பேர். உங்களுக்கும் அந்தப் பேருக்குள்ள இடம் இருக்கு. வாங்கோ."

பொருளாளருக்கு அப்பதான் காது கேட்டுது. "உவ என்ன, எங்களைக் காப்பிலி எண்டுறாவோ?" எண்டு சத்தமாவே கேட்டா. முன்வரிசை சிரிச்சுது. ஐயரம்மா சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. தலைவியும் சிரிச்சா. சிரிப்பு பின்வரிசை மட்டும் போய்த் திரும்பி வந்தது.

சிநேகிதி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. "அந்தச் சொல் எனக்குத் தெரியும், 'கஃபிர்' எண்டுறது" எண்டு மைக்கில ஆறுதலாச் சொன்னா. "ஆபிரிக்காவில எங்கட ஆக்களைச் சுட்டவங்கள் அதைச் சொல்லிப்போட்டுத்தான் சுட்டவங்கள். தமிழிலயும் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்." சிரிப்பு அடங்கிப் போச்சு. நான் எழும்பி நிண்டன், என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டன். அந்த நேரம் தலைவியின்ர மகள், அறிவிப்பு மைக்கை எடுத்து, "அந்தப் பெண்கள் கடைசி மட்டும் ஒண்டா இருந்தவையோ?" எண்டு டெனிஷில கேட்டாள். "இல்லை" எண்டா சிநேகிதி. "நல்லா அடிபட்டுப் பிரிஞ்சம். ஆனால் ஒண்டா இருந்த காலத்தில விமான நிலையச் சோதனையை நிப்பாட்ட வைச்சம்." மகள் தலையாட்டினாள். தாய் அவளை முறைச்சுப் பாத்ததை நான் கண்டன்.

கமிட்டி அடுத்த கிழமை தலைவி வீட்டில கூடிச்சுது. வடை, கட்லட், தேத்தண்ணி. ஆளாளுக்கு ஒரு காரணம். அவை சமைச்சால் மணம் சுவரில பிடிச்சிடுமாம். சத்தமாச் சிரிப்பினமாம். எங்கட பிள்ளையள் படிக்கிற இடமாம். குசினிச் சாமான் காணாமல் போகுமாம். நான் கேட்டுக்கொண்டிருந்தன். நாங்கள் பிரெடெரிசியாவில முதல் முதல் இருந்த கட்டடத்தில, எங்கட கறி மணத்துக்கு மேல்வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்து கையெழுத்து வாங்கி எங்களை எழுப்பினவை. இந்தக் கமிட்டியில இருக்கிற ரண்டுபேர் அதே கட்டடத்தில இருந்தவைதான். "மணம், சத்தம், களவு. அண்டைக்கு எங்களைச் சொன்ன அதே மூண்டும்" எண்டன். "அது வேற, இது வேற" எண்டா தலைவி. "எங்களையும் அவையையும் ஒண்டாப் பாத்தாங்களெண்டால் எங்கட பிள்ளையளின்ர எதிர்காலம் என்ன? எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பேர் எடுத்தனாங்கள்."

அந்த நேரம் பாத்து மகள் தேத்தண்ணித் தட்டோட வந்தாள். பொருளாளர் அவளின்ர தாடையைப் பிடிச்சுத் திருப்பி வெளிச்சத்தில பாத்தா. "அந்தக் கிறீம் பூசுறனியோ பிள்ளை? இப்ப கொஞ்சம் வெளிச்சிருக்கிறாய்" எண்டா. ஆட்டுக்குட்டியை வாங்க வந்த ஆள் பிடிச்சுப் பாக்கிற மாதிரி. தலைவி அந்தக் கையைத் தட்டிவிடேல்லை. "ஓம், ஓம், பூசுறவள்" எண்டு சிரிச்சா. பிள்ளை தட்டை மேசையில வைச்சுப்போட்டு உள்ளுக்குப் போயிட்டாள். வாயில இருந்த வடையை என்னால விழுங்கேலாமல் போச்சு. கடுதாசித் துண்டில துப்பிச் சுருட்டி வைச்சன்.

கை உயர்த்தச் சொல்லிச்சினம். என்னை விட்டால் எல்லாக் கையும் அறை குடுக்கக் கூடாது எண்டு உயர்ந்தது. பிறகு தலைவி என்னட்ட, "நீங்கள்தானே கிட்டின சிநேகிதம். மண்டபம் முழுக்க புக் பண்ணியாச்சு எண்டு பக்குவமாச் சொல்லிவிடுங்கோ. மனம் நோகக் கூடாதுதானே" எண்டா. மேடையில நிக்க வைச்சு அவ்வளவும் செய்துபோட்டு, இப்ப மனம் நோகக் கூடாதாம். நான் கைப்பையில இருந்து திறப்பை எடுத்து வடைத் தட்டுக்குள்ள போட்டன். "வேற செயலாளரைப் பாருங்கோ. பொய் சொல்லவும் அவாவையே விடுங்கோ" எண்டிட்டு வந்திட்டன். வாசலில சப்பாத்துப் போடேக்க உள்ளுக்கு, "கண்டறியாத கோவம்" எண்டு பொருளாளர் சொன்னது கேட்டுது.

அடுத்தநாள் காலமை சிநேகிதியும் நானும் ஒரு வெறுங்கட்டிலுக்குத் துணி மாத்திக்கொண்டிருந்தம். "இடம் இல்லை எண்டு சொல்லச் சொன்னவை" எண்டன். "இடம் இருக்கு. உங்களைத்தான் வேண்டாமாம்." அவா துணியின்ர மூலையை மடிச்சுச் செருகினா. பிறகு, "நன்றி" எண்டா. "இவ்வளவு வருசத்தில எங்களுக்கு இல்லையெண்ட எல்லாரும் திருத்த வேலை, புக்கிங், தீயணைப்புச் சட்டம் எண்டுதான் சொன்னவை. உண்மைக் காரணத்தைச் சொன்னது நீ ஒருத்திதான்." அவா அழுதிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். அழேல்லை. அடுத்த கட்டிலுக்குப் போனா.

என்ர குடியிருப்பில எல்லா வாடகைக்காரருக்கும் பொதுவா ஒரு சின்ன வீடு இருக்கு, பெல்லெஸ்ஹூஸ் எண்டு சொல்லுவம். பிறந்தநாளுக்கும் செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கும் எடுக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியில கார் நிப்பாட்டுற இடம். எனக்கு ஏன் முதல்லயே இந்த யோசனை வரேல்லையோ தெரியாது. எங்கட சங்கம் கட்டாயம் குடுக்கும் எண்டு அவ்வளவு நம்பிக்கை. என்ர பேரில ஞாயிறு பின்னேரங்களுக்கு எடுத்தன்.

முதல் ஞாயிறு அவை ஒவ்வொருத்தரா வந்தினம். மஞ்சள் துணிப் பிள்ளை பெரிய சட்டி சோத்தோட வந்தாள். மேசை கீறலாக் கிடக்குதெண்டு, தன்ர பையில இருந்து அந்தச் சரிகைப் பொன்னாடையை எடுத்து விரிச்சுவிட்டாள். அதுக்கு மேல கோப்பிப் போத்தலை வைச்சாள். அந்தத் துணிக்கு ஒரு உபயோகம் வந்ததில எனக்குப் புழுகம். அப்ப கதவு திறந்தது. தலைவியின்ர மகள். பஸ்ஸில வந்திருக்கிறாள், மூக்கு சிவந்திருந்தது. கோட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டுக் கதிரை அடுக்கத் தொடங்கினாள். முகத்தில கிறீம் இல்லை.

கதைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில என்ர ரெலிபோன் அடிச்சுது. தலைவி. "என்ர மகள் உங்கயோ?" எண்டா. "ஓம், இஞ்சதான்" எண்டன். "அங்க என்ன செய்யிறாள்?" "இருந்து கேக்கிறாள்." ரெலிபோன் கட்டாச்சு. தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள்ள கார் வந்து நிண்டது.

தலைவி கதவைத் திறந்து வாசல்படியில நிண்டா, உள்ளுக்குக் கால் வைக்கேல்லை. குளிர்காத்து மேசைத் துணியைத் தூக்கிச்சுது. "எழும்பு, வீட்டை போவம்" எண்டா தமிழில. "ஆரும் கண்டால் என்ன கதைப்பினம்? கலியாணம் பேசி வாற இடமும் குழம்பிப் போயிடும்." மஞ்சள் துணிப் பிள்ளைக்குத் தமிழ் விளங்காது. பொன்னாடை போத்தின அம்மாவை அடையாளம் கண்டு, எழும்பிச் சிரிச்சுக்கொண்டு தன்ர பக்கத்தில ஒரு கதிரையை இழுத்து வைச்சாள். அவளுக்கு ஒருக்காப் பாத்த முகம் ஞாபகம் இருந்தது. தலைவி மேசையைப் பாத்தா, துணியைப் பாத்தா, அதில ஊறியிருந்த கோப்பியைப் பாத்தா.

மகள் எழும்பேல்லை. தாயைத் திரும்பிப் பாத்து, எல்லாருக்கும் விளங்க டெனிஷில சொன்னாள். "எங்கட ஆக்கள் என்ர நிறத்தைப் பற்றி ஏற்கெனவே கதைச்சிட்டினம் அம்மா. நீங்களும் இருந்துதானே கேட்டனீங்கள். ஒண்டில் உள்ளுக்கு வாங்கோ, இல்லாட்டிக் கதவைச் சாத்துங்கோ. எல்லாருக்கும் குளிருது."

தலைவி கதவைச் சாத்தினா. வெளியில நிண்டு சாத்தினா.

அவா போகேல்லை. காருக்குள்ள ஏறி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தா. கண்ணாடிக்குள்ளால நான் பாத்துக்கொண்டிருந்தன். எனக்குக் கோட்டுத் தந்த மனிசி, இஞ்ச சுடச்சுடச் சோறும் ஒரு வெறுங்கதிரையும் இருக்க, தனியாக் காருக்குள்ள. பாவம் எண்டு நினைச்சிருப்பன் எண்டு நீங்கள் நினைப்பியள். இல்லை. எனக்கு அருவருப்புத்தான் வந்தது. பெத்த பிள்ளையின்ர நிறத்துக்கு மற்றவை சொன்னதை நினைச்சு என்ர குசினியில அழுத கண், அதே நிறத்துக்குப் பக்கத்தில இருக்க மாட்டன் எண்டு நிக்குது. இதை எந்த வெள்ளைக்காரனும் அவாவுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை.

கூட்டம் முடிய மகள் கோப்பையெல்லாம் கழுவித் துடைச்சு வைச்சாள். அடுத்த கிழமை தானும் ஏதாவது சமைச்சுக்கொண்டு வரட்டோ எண்டு கேட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியில போனாள். தாய் உள்ளுக்கிருந்து காரின்ர மற்றக் கதவைத் திறந்து விட்டா. பிள்ளை நிக்காமல் அதைத் தாண்டி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். பஸ் வந்தது, ஏறினாள். கார் கொஞ்ச நேரம் கதவு திறந்தபடி நிண்டது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால மெல்லப் போச்சுது.